நோலீன் வாசலில் நட்ட பலகை

தேர்தல் நாளில் வெங்காயத்தை யாராவது அவசரப்படுத்தினால் நோலீன் டிரான்டருக்குக் கெட்ட கோபம் வரும். மற்றபடி அவள் கோபக்காரி இல்லை. மெரிவேல் ஆரம்பப் பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் இத்தனை வருடம் காலம் தள்ளியவளுக்குக் கோபம் கட்டுப்படியாகாது.

எங்கள் ஊரில் எந்தத் தேர்தல் வந்தாலும் வாக்குச்சாவடி அந்தப் பள்ளிக்கூடம்தான். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பதால் துறைமுகத் தொழிலாளி முதல் அலைச்சறுக்குப் பலகையோடு வரும் வாலிபர்கள் வரை சனிக்கிழமை காலையில் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். வாசலில் பள்ளிக்காக நடக்கும் கடையில் சாசேஜ் வாங்கி, வெள்ளை ரொட்டியில் குறுக்காக வைத்து, வெங்காயமும் தக்காளி சாஸும் போட்டுத் தின்றால்தான் ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கடை நோலீனுடையது. அதாவது, பெற்றோர் குழுவுடையது. ஆனால் இடுக்கி அவள் கையில்.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். அங்கே அரசியல் பேசக் கூடாது. ஒருமுறை ஒரு வேட்பாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கை குலுக்க வந்தார். அந்தக் கையில் இடுக்கியைத் திணித்து, "கொஞ்சம் கிளறுங்க, நான் ரொட்டி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போய்விட்டாள். மனிதர் அரை மணி நேரம் வெங்காயம் கிளறினார். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அவளிடம் கேட்டால், "என் புருஷனுக்கே சொன்னதில்ல, கண்ணு" என்பாள். அந்தப் புருஷன் இரும்பாலை மூடிய வருடம் மேற்கே சுரங்க வேலைக்குப் போனவன். போனவன் போனவன்தான். மகள் டேனாவை அவள் தனியாக வளர்த்து ஆளாக்கினாள்.

அவள் குடியிருந்தது ஆல்பர்ட் தெருவில், தகரக் கூரை போட்ட மரப்பலகை வீட்டில். பத்தொன்பது வருடம் அதே வாடகை வீடு. வீட்டுக்கார அம்மாளை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அந்த அம்மாள் எங்கோ வடக்கே கடற்கரையில் இருக்கிறாள். எல்லாம் ஹேவர்லி ரியல் எஸ்டேட் மூலம்தான். முதலில் பெரிய ஹேவர்லி, இப்போது அவர் மகன் டேமியன்.

பத்தொன்பது வருடம் எப்படித் தாக்குப்பிடித்தாள் என்று கேட்டால் பதில் சுலபம். வாயைத் திறக்கவில்லை. குழாய் ஒழுகினால் அவளே மாற்றினாள். பின்கதவு இற்றுப்போனபோது டேனாவின் கணவன் வந்து புதுக்கதவு போட்டான். சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. டேனாவின் கல்யாணப் படம் இன்றைக்கும் அலமாரி மேல் சாய்ந்துதான் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து குளியலறையையும் அடுப்பின் உட்புறத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போவாள். அறுபது வயதைத் தாண்டிய ஒருத்தி, முந்தின நாளெல்லாம் முட்டி போட்டு அடுப்பைத் தேய்த்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி வாசலில் நிற்பாள். அந்தப் பெண் போகும்போது அவளிடம் "தேங்க்ஸ் கண்ணு" என்று வேறு சொல்வாள். எதற்கு நன்றி? அதை நினைத்தால் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து வீட்டில் செலா இருந்தாள். டோங்கா தீவுக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை, மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் வேய்யாவுக்கு மூச்சிழுப்பு. படுக்கையறைச் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. செலா ஹேவர்லி ஆபீசுக்கு எழுதினாள், கேட்டாள், மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்ட பிறகு ஒரு பதில் வந்தது. தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காரணம் கிடையாது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று இந்த மாநிலத்துச் சட்டமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. இப்போது செலா குடும்பம் ஊருக்கு வெளியே கேரவன் வண்டிகள் நிறுத்தும் பூங்காவில் ஒற்றை அறைக் குடிலில் இருக்கிறது. அன்றைக்குச் சாமான் ஏற்றும்போது நோலீன் ஒரு பானை நிறைய சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அடுத்தது நாமாக இருந்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

அடுத்த வருட மாநிலத் தேர்தலில்தான் எதிர்க்கட்சி ஒரு வாக்குறுதி கொடுத்தது. இனிமேல் காரணம் சொல்லாமல் யாரையும் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. அவ்வளவுதான். வாடகையைக் குறைக்கச் சொல்லவில்லை, வீட்டைப் பிடுங்கவில்லை. ஏன் போகச் சொல்கிறாய் என்று ஒரு வரி எழுது, போதும் என்றார்கள். அதற்கே வீட்டு வியாபாரக்காரர்கள் ஒப்பாரி வைத்தார்கள். காரணம் கேட்டால் உரிமையாளர்கள் மனம் நொந்து வீடுகளை விற்றுவிடுவார்களாம், பிறகு வாடகைக்கு வீடே இருக்காதாம். விற்ற வீடு என்ன ஆவியாகவா போகும்? வாங்கியவன் அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டா போவான்? இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயரைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது: வாடகைதாரர் நலக் கூட்டணி. அதில் தேடினாலும் ஒரு வாடகைதாரர் கிடையாது. எங்கள் வட்டாரத்துக்கு அதன் தலைவர், டேமியன் ஹேவர்லி.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி விழா வந்தால் வீட்டு முன்தோட்டங்களில் அறிவிப்புப் பலகை முளைக்கும். பலகையைச் செய்து நட்டுக் கொடுப்பது வீட்டு ஏஜென்ட். மேலே விழா நாள், கீழே அவர் பெயர். எத்தனை வீட்டில் பலகை நிற்கிறதோ அதற்குத் தக்கபடி பள்ளிக்கு நன்கொடை. நோலீன் வருடா வருடம் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுப் பலகை வாங்கிக்கொள்வாள்.

அந்த வருடமும் ஹேவர்லி ஆபீசிலிருந்து போன் வந்தது. "நோலீன், இந்தத் தடவ போர்டுல உங்க முகத்தையே போடலாம்னு இருக்கோம். படம் பிடிக்க ஆள் அனுப்பட்டுமா?"

விழாப் பலகை என்றுதான் அவள் நினைத்தாள். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நீல நிறப் பட்டு மேல்சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். முடியைச் சுருட்டிக்கொண்டாள். முன்தோட்டத்தில் அவளே நட்ட எலுமிச்சை மரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றாள். படம் பிடிக்க வந்த பெண் நல்லவளாகத்தான் தெரிந்தாள்.

"எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?"

"பத்தொம்பது."

"ஏஜென்டோட ஏதாவது பிரச்சன?"

"என்னால அவங்களுக்கு இல்ல, அவங்களால எனக்கு இல்ல" என்றாள் நோலீன். அந்தப் பெண் நீட்டிய தாளில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டாள். வருடா வருடம் போடுகிற கையெழுத்துதானே.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது பலகை நின்றது. ஜன்னலை மறைக்கிற அளவுக்குப் பெரிய பலகை. எலுமிச்சை மரத்துக்கு முன்னால் நட்டிருந்தார்கள். ஒரு கிளையை வெட்டிப் போட்டிருந்தார்கள். பலகையில் அவள் முகம், நீல மேல்சட்டை, சிரிப்பு. பக்கத்தில் எழுத்து:

பத்தொன்பது வருடம். ஒரே வீடு. இந்தச் சட்டம் வந்தால் அதுவும் போய்விடும் என்று நோலீன் பயப்படுகிறார். வாடகைதாரரைக் காப்போம். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விழாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைப்பையைப் பிடித்தபடி அவள் தன் வாசலிலேயே நின்றாள். பிறகு பஸ் நிறுத்தத்திலும் அதே முகம் இருக்கிறது என்று டேனா போன் செய்து சொன்னாள். மறுநாள் எல்லார் வீட்டுத் தபால்பெட்டியிலும் அதே முகம்.

பல்பொருள் அங்காடியில் காய்கறிப் பக்கம் செலாவைப் பார்த்தாள். மறைந்துகொள்ள இடம் தேடினாள், அகப்படவில்லை.

"படத்தப் பாத்தேன், நோலீன்" என்றாள் செலா.

"செலா, அது நான் வந்து..."

"அந்த நீலம் உங்களுக்கு நல்லா எடுக்குது."

திட்டியிருந்தால் தேவலை. செலா உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டே இருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேய்யா எப்படி இருக்கா? தூங்கறாளா?"

"அங்க பூஞ்ச இல்ல. அது ஒண்ணு நல்லது." தள்ளுவண்டியைத் திருப்பினாள். "பசங்க கேட்டாங்க, ஆன்ட்டி நோலீன் ஏன் அந்த ஆளோட சேந்துட்டாங்கன்னு. அவங்களுக்கு அவங்க வீடு முக்கியம்னு சொல்லிட்டேன். தப்பா எதுவும் சொல்லல."

நோலீன் தக்காளிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காது மடல் வரை சுட்டது.

அன்று மாலையே ஹேவர்லி ஆபீசுக்குப் போனாள். டேமியன் அவள் சிற்றுண்டிச் சாலையில் தின்று வளர்ந்த பையன். விளையாட்டு விழா ஒன்றில் கறி அடைத்த மீட் பை மூன்று தின்று வாந்தி எடுத்தபோது துடைத்துவிட்டவள் அவள்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"டேமியன், அந்தப் போர்ட எடுத்துரு."

"ஏன் நோலீன்? அவ்ளோ அழகா வந்திருக்கீங்க. எங்கம்மா பாத்துட்டு, நோலீனுக்கு வயசே ஆகலையான்னு கேட்டாங்க."

"நான் எப்ப பயப்படறேன்னு சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்கன்னு போடலையே. பயப்படறார்னு நாங்க போட்டிருக்கோம்." மேஜை மேலிருந்த பேனாவை நேராக வைத்தான். "பத்தொம்பது வருஷம்கறது பொய்யா? பிரச்சன இல்லன்னு சொன்னது பொய்யா? கையெழுத்து உங்களுதா இல்லையா?"

"விழாப் போர்டுன்னு நெனச்சுப் போட்டேன்."

"அத நீங்க படிச்சுப் பாத்திருக்கணும்."

"என் வாசல்ல நட்டு வெச்சிருக்க. கிளைய வேற வெட்டிட்ட."

"உங்க வாசல்னு சொன்னா உங்க வாசல்தான். ஆனா எடம் வீட்டுக்காரம்மாவோடது. அவங்க சரின்னுட்டாங்க." குரலை இறக்கினான். "உங்க ஒப்பந்தம் இப்போ மாசா மாசம்தானே, நோலீன்? போன வாரம்கூட அந்தம்மா கேட்டாங்க, அந்த வீட்ட என்ன பண்ணலாம்னு. புது ஆளுக்கு விட்டா நல்ல வாடக வரும். நான்தான், இவங்க நல்ல வாடகைக்காரி, வாயே திறக்க மாட்டாங்க, இருக்கட்டும்னேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளுக்குப் புரிந்தது. பேசினால் வீடு போய்விடும்.

"தேங்க்ஸ், டேமியன்" என்று எழுந்தாள்.

தெருமுனை வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன் மிரட்டியதைவிட அதுதான் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. முகத்தைத் திருடியவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தேர்தலன்று நல்ல வெயில். நோலீன் வழக்கம்போல முன்கூட்டியே வந்து வெங்காயத்தை ஆரம்பித்தாள். அந்த வருடம் சாசேஜ் எல்லாம் ஹேவர்லியின் நன்கொடை. கூடவே ஒரு கட்டு ஏப்ரனும் வந்திருந்தது. நெஞ்சு நிறைய எழுத்து, வாடகைதாரரைக் காப்போம் என்று. நோலீன் ஒன்றை எடுத்தாள், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்ய நினைத்திருந்தாள். பேசக் கூடாது என்று முடிவோடு வந்திருந்தாள். டேமியன் வேலி ஓரத்தில் துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தான். அதிலும் அவள் முகம்.

முதலில் வந்தவர் பேரி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேரனுக்கும் தனக்குமாக எப்போதும் இரண்டு வாங்குவார்.

"என்ன நோலீன், ஊரெல்லாம் உன் மூஞ்சிதான். ஆட்டோகிராப் போட்டுத் தருவியா?"

"வெங்காயம் போடவா வேண்டாமா?"

"போடு, போடு. சும்மா சொல்லக் கூடாது, நான் அவங்களுக்குத்தான் போடறதா இருந்தேன், சட்டம் வேணும்கறவங்களுக்கு. என் மருமகளும் வாடக வீடுதான். ஆனா உன் படத்தப் பாத்தேன். சரி, நோலீனே பயப்படறான்னா இதுல ஏதோ இருக்கு, வேண்டாம்னே போட்டுருவோம்னு முடிவு பண்ணிட்டேன். நீ சும்மா வாயத் திறக்கறவ இல்லையே."

இடுக்கி அப்படியே நின்றது. இத்தனை வருடம் அவள் எதுவும் பேசாமல் இருந்ததுதான் அவள் பேச்சுக்கு இந்த ஊரில் மதிப்பைச் சேர்த்துக் கொடுத்திருந்தது. அந்த மதிப்பை ஒருவன் ஒரு படத்தைப் பிடித்து, மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவளுடைய ஒரே சொத்து அது. வீடா? வீடு என்றைக்கும் அவளுடையதாக இருந்ததில்லை.

"பேரி, நில்லு" என்றாள். "முகம் என்னுது. பேச்சு என்னுதில்ல."

"என்ன சொல்ற?"

"விழாப் போர்டுன்னு சொல்லிப் படம் பிடிச்சாங்க. பயப்படறேன்னு போட்டிருக்காங்களே, அது நெஜம்தான். யாரப் பாத்துப் பயப்படறேன்கறத மட்டும் மாத்திப் போட்டுட்டாங்க." இடுக்கியை வேலிப் பக்கம் நீட்டினாள். "இவனப் பாத்துதான் பத்தொம்பது வருஷமாப் பயப்படறேன். இவங்கப்பனப் பாத்து, அப்பறம் இவனப் பாத்து. பக்கத்து வீட்டு செலா ஏன் போனான்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. ஏன்னு சொல்லலையே."

பேரியின் பின்னால் நின்ற பெண்ணும் கேட்டாள். அதற்குப் பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள். நோலீன் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள், கத்தாமல், வெங்காயம் வைப்பதற்கும் சாஸ் ஊற்றுவதற்கும் நடுவில். யாருக்குப் போடுங்கள் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக வெங்காயம் கரிந்தது. கருகியதையும் வாங்கித் தின்றார்கள்.

டேமியன் உள்ளே போய் வாக்குச்சாவடி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். லிண்டல் என்ற அந்த அம்மாள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அளவு நாடாவுமாக வந்தாள்.

"இவங்க பிரச்சாரம் பண்றாங்க. சாவடிக் கதவுலேர்ந்து ஆறு மீட்டருக்குள்ள பண்ணக் கூடாதுல்ல?" என்றான்.

"அளந்து பாத்துருவோம்" என்றாள் லிண்டல்.

"நாடா எதுக்கு? என்கிட்ட லேசர் இருக்கு." வீட்டு அறைகளை அளக்கும் கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

பேரி வாய் நிறைய ரொட்டியோடு கேட்டார்: "தம்பி, அது நெஜ மீட்டரா, விளம்பரத்துல போடற மீட்டரா? உன் கருவி வெச்சு அளந்தா என் கழிப்பறைல டென்னிஸ் ஆடலாமே."

வரிசை முழுக்கச் சிரித்தது. லிண்டல் சிரிக்காமல் நாடாவை விரித்தாள். கடை அந்த ஆறு மீட்டர் கோட்டுக்கு நன்றாக வெளியே இருந்தது. ஆனால் டேமியன் துண்டுத்தாளோடு நின்ற வேலி ஓரம் கோட்டுக்குள்ளே இருந்தது. "நீங்கதான் சார் தள்ளி நிக்கணும்" என்றாள். அவன் தள்ளி நின்றான். நோலீனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்கு அப்போதே தெரியும்.

சட்டம் கொண்டுவருவோம் என்றவர்களே ஜெயித்தார்கள். நோலீன் பேசியதால் என்று சொல்ல மாட்டேன். மாநிலத்தில் அவளைப் போலப் பயந்தவர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள். ஆனால் ஜெயித்த மறுநாளே சட்டம் வந்துவிடுமா? சபை கூட வேண்டும், விவாதிக்க வேண்டும், ஆராய வேண்டும். அதுவரைக்கும் பழைய சட்டம்தான். அந்த இடைவெளியில் மாநிலம் முழுக்க ஏஜென்ட்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தார்கள். காரணம் சொல்லாமல் துரத்துகிற சுகம் போய்விடப் போகிறதே என்று, இருந்த நாளுக்குள் ஆசை தீரத் துரத்தினார்கள்.

நோலீனுக்கும் வந்தது. தொண்ணூறு நாள். எட்டு மாதமாக ஒரு பூஞ்சைச் சுவரைப் பார்க்க நேரம் கிடைக்காத ஆபீசிலிருந்து, தேர்தல் முடிந்த அடுத்த வியாழக்கிழமையே வந்துவிட்டது. பலகை மாற்றுகிறவனும் தாமதிக்கவில்லை. அவள் முகத்தைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, அதே கம்பங்களில் வாடகைக்கு என்ற பலகையை மாட்டிவிட்டுப் போனான்.

டேனா அழுதாள். "நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமேம்மா."

"இருந்திருக்கலாம்" என்றாள் நோலீன். "இன்னொரு பத்தொம்பது வருஷம் அடுப்பத் தேச்சிருக்கலாம்."

சொல்லிவிட்டாளே தவிர, பின்னால் போய் உட்கார்ந்து அவளும் அழுதாள். அந்த வீட்டில் எந்தப் பலகை எங்கே முனகும் என்று காலுக்குத் தெரியும். எலுமிச்சை மரத்தை எந்த வண்டியில் ஏற்றுவது? டேனா வீட்டில் தைக்கிற அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அங்கே ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான்.

புதிதாகக் குடிவர நினைப்பவர்கள் வீடு பார்க்க வரும் நாள் சனிக்கிழமை. நோலீன் பள்ளியிலிருந்து சாசேஜ் அடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து முன்தோட்டத்தில் வைத்தாள். பேரி அதை வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்துகொண்டார்.

டேமியன் வந்து பார்த்தான். "நோலீன், என்ன இது? ஆளுங்க வர நேரம்."

"வரட்டும். தொண்ணூறு நாள் முடியற வரைக்கும் என் வீடுதான், சட்டம் சொல்லுது. நீதான் சட்டம் தெரிஞ்சவனாச்சே."

ஆட்கள் வந்தார்கள். வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. கைக்குழந்தைக்காரர்கள், செவிலிச் சீருடையோடு ஒருத்தி, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு கிழவர். எல்லார் கையிலும் சம்பளச் சான்று, பழைய வீட்டுக்காரரின் சிபாரிசு. நோலீன் ஒவ்வொருவருக்கும் ரொட்டியில் ஒன்று வைத்துக் கொடுத்தாள். முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஓர் இளைஞன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்.

"இவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்க. ஏன் காலி பண்றீங்க?"

"தெரியாது, கண்ணு. என்கிட்ட சொல்லல. டேமியன் அங்கதான் நிக்கறான், கேட்டுப் பாருங்க."

இளைஞன் டேமியனைப் பார்த்தான். கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தான். கேட்கவில்லை. "நல்ல வீடுங்க, ரொம்ப நன்றி" என்று சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை டேமியனிடம் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதே சிரிப்பு சிரித்தார்கள். நோலீனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். பஸ் நிறுத்தத்துப் படத்தில் அவள் முகத்திலிருந்த சிரிப்பு அது. அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வீடு வேண்டும், என்ன செய்வார்கள்? அவர்களை இப்படிச் சிரிக்க வைத்தவன் மேல்தான் வந்தது.

வரிசையின் கடைசியில் செலா நின்றுகொண்டிருந்தாள். வேலைச் சீருடையில், வேய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நோலீனைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"நோலீன், உங்க வீட்டுக்கு நானே வந்து நிக்கறேன்னு நெனைக்காதீங்க. வேற எதுவும் கெடைக்கல."

"நிக்காம என்ன பண்ணுவ? பின்னறை வெயில் படற அறை. அங்க பூஞ்ச வராது. பசங்கள அதுல படுக்க வை."

"எனக்குத் தர மாட்டான்."

"தெரியும்." வேய்யாவுக்கு ஒரு ரொட்டியை மடித்துக் கொடுத்தாள். "இருந்தாலும் விண்ணப்பத்தக் குடு."

செலா படியேறிப் போனாள். விண்ணப்பத்தை நீட்டினாள். டேமியன் வாங்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் இன்னும் ஆள் நிற்பதுபோலப் பார்த்தான். செலா நகரவில்லை. சிரிக்கவும் இல்லை.

"போன வருஷம் எங்கள ஏன் காலி பண்ணச் சொன்னீங்க?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் தோட்டத்தில் தின்றுகொண்டு நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"இங்க வெச்சு அதப் பேச முடியாது" என்றான்.

"ஆபீஸ்ல வந்து கேட்டப்பவும் இதான் சொன்னீங்க. பூஞ்சையப் பத்திக் கேட்டதுக்கா?"

"காரணம் சொல்லணும்னு அவசியம் இல்ல. சட்டம் இன்னும் மாறல."

"இதுதான்" என்றாள் நோலீன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பயப்படறேன்னு போர்டுல போட்டாங்களே, அது இதுக்குத்தான். இப்ப இவன் சொன்னதுக்கு." கைக்குழந்தைக்கார இளைஞனைப் பார்த்தாள். "உனக்கே வீடு கெடைக்கட்டும், கண்ணு. நல்ல வீடு. ஆனா என்னிக்காவது நீயும் குழாய் ஒழுகுதுன்னு கேப்ப."

இளைஞன் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தான், பிறகு டேமியன் கையிலிருந்த விண்ணப்பக் கட்டைப் பார்த்தான். தன்னுடையதைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு வழியில்லை. ஆனால் முகத்தில் அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. அங்கே நின்ற ஒருவர் முகத்திலும் இல்லை.